பிக்கப்

இந்தப் பக்கம் நான் வந்ததே இல்லை. என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டுகிறேன், ஆட்கள் வெளியே வரும் வாசல் தெரியும், அங்கே கம்பித் தடுப்பில் சாய்ந்து நிற்கும் கூட்டம் தெரியும், பார்க்கிங்கில் சீட்டு கொடுக்கிறவரின் பிள்ளைகள் பேர்கூடத் தெரியும். அந்த வாசலைத் தாண்டி வேலியை ஒட்டியே கொஞ்ச தூரம் போனால் இப்படி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது என்பது மட்டும் கண்ணில் பட்டதில்லை. பட்டிருக்கும், பார்த்திருக்க மாட்டேன். சரக்கு ஏறி இறங்கும் இடம். இங்கிருந்து காய்கறிப் பெட்டியும் பூப்பெட்டியும் போகின்றன, அங்கிருந்து எப்போதாவது ஒரு நீளப் பெட்டி வருகிறது. இன்றைக்கு என் தங்கச்சி விண்ணரசியின் புருஷன் அருளப்பன் வருகிறான். ஷார்ஜாவில் தூக்கத்திலேயே போய்விட்டான். என் காரை வீட்டில் விட்டுவிட்டு காஜாவின் வெள்ளை வேனில் வந்திருக்கிறேன், இரண்டு பக்கமும் அமரர் ஊர்தி என்று நீல எழுத்து. வழியில் ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி முக்கியது. பிக்கப் இல்ல ஆரோக்கியம், இன்ஜெக்டரப் பாக்கணும், என்றார் காஜா. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது, எச்சில் விழுங்கினாலும் இறங்கவில்லை, இருமினாலும் வரவில்லை. பேப்பர் வேலையெல்லாம் முடிந்தது, உள்ளே கூப்பிடுவார்கள், நில்லுங்கள் என்றார்கள். நிற்கிறேன். வெயில் ஏறுகிறது. சட்டைப் பையில் ஃபோன் துடிக்கிறது. எடுத்துப் பார்க்காமலே தெரியும் யார் என்று. விண்ணரசி. புருஷன் செத்தது இன்னும் தெரியாத விண்ணரசி.

எடுக்கவில்லை. துடித்து அடங்குகிறது. நேற்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், அவளிடம் என்ன சொன்னேன். அண்ணே, அவருக்கு உடம்பு எப்படி இருக்காம், பேசினியா, என்னையக் கூப்பிடவே மாட்டேங்குறாரு, ஆஸ்பத்திரியில ஃபோன வாங்கி வச்சுக்குவாங்களா என்று கேட்டாள். தேறிட்டான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. தமிழில் அந்தப் பொய் வரவில்லை. தேறிட்டான் என்றால் தேறியிருக்க வேண்டும், எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்க வேண்டும். பிக்கப் ஆயிருச்சும்மா என்றேன். அது வழுக்கிக்கொண்டு வந்தது. உடம்பு பிக்கப் ஆயிருச்சு, நாளைக்கு அனுப்புறாங்க, நான் போய் பிக்கப் பண்ணிட்டு வந்துர்றேன். ஒரே மூச்சில் இரண்டு தடவை. முதல் பிக்கப் பொய், இரண்டாவது பிக்கப் உண்மை. அவள் இரண்டையும் ஒன்றாகவே வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள், உள்ளே போனாள், அத்தை, நாளைக்கு வர்றாராம் என்று மாமியாரிடம் சொல்லும் சத்தம் கேட்டது. அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும். தன் பிள்ளை பெட்டியில் வருவது தெரிந்துகொண்டே, அப்படியா தாயி, நல்லதாப் போச்சு என்றது. அந்தக் குரலை நான் கேட்டிருக்கக் கூடாது. செருப்பைக் கழற்றாமல் நின்றது நல்லது, உடனே திரும்ப முடிந்தது.

என்ன வார்த்தை இது. நாள் முழுக்க இதையே சொல்லிச் சம்பாதிக்கிறேன். காலையில ஒரு பிக்கப், மத்தியானம் ரெண்டு பிக்கப், அப்புறம் ஒரு டிராப். பிக்கப் பாயிண்ட் எங்க சார், பிக்கப் பாயிண்ட்லயே நிக்கிறேன் சார். பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேருக்காக நின்றிருப்பேன். அருளப்பன் வரும்போது மட்டும் அட்டை கிடையாது, அவன் தலை தெரிந்ததும் கையைத் தூக்குவேன். ஒரு தடவை கேட்டான், ஊரெல்லாம் போர்டு புடிச்சு பிக்கப் பண்றீங்க, எனக்கு மட்டும் ஒரு போர்டு கெடையாதா மச்சான். அடுத்த தடவை ஒரு சாக்லேட் பெட்டியைக் கிழித்து மிஸ்டர் அருளப்பன் என்று எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தள்ளுவண்டியை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே சிரித்தான், பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டார்கள், ஃபோட்டோ எடுத்துத் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பினான். இன்றைக்கு அட்டை தேவையில்லை. பெட்டி மேலேயே பேரை ஒட்டித்தான் அனுப்பியிருப்பார்கள். மிஸ்டர் போட்டிருப்பார்களா. செத்தவருக்கு மிஸ்டர் போடுவார்களா, தெரியவில்லை. எதற்கு இப்போது இந்த யோசனை. காஜா வேனின் பின்கதவைத் திறந்து உள்ளே ஈரத்துணியால் துடைக்கிறார். டெட்டால் வாசம். அருளப்பனுக்கு ஆஸ்பத்திரி வாசம் ஆகாது. விண்ணரசிக்குப் பிரசவமானபோது வார்டுக்கு வெளியே மரத்தடியிலேயே நின்றான், குழந்தையை அங்கே கொண்டுபோய்த்தான் காட்டினேன்.

அவனை எனக்கு முதலில் பிடிக்காது. கீரனூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மொபைல் கடை வைத்திருந்தான், ஒரு ஆள் நிற்கிற அகலம். தங்கச்சி தையல் கிளாஸுக்குப் போகிறவள், ரீசார்ஜுக்குப் போனவள்தான். கார் ஸ்டாண்டில் பயல்கள் என் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள், பிக்கப் ஆயிருச்சுடா, கடைக்காரனுக்கு பிக்கப் ஆயிருச்சு. அடிக்கலாம் என்றுதான் கிளம்பினேன். அதற்குள் அவனே ஸ்டாண்டுக்கு வந்து என் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, மச்சான், உங்க தங்கச்சிய எனக்குப் பிடிச்சிருக்கு, அவளுக்கும் பிடிச்சிருக்கு, ஓடிப்போற மாதிரியெல்லாம் இல்ல, எங்க வீட்ல இருந்து எப்ப வந்து பேசலாம்னு சொல்லுங்க என்றான். கால் நடுங்கியது, பார்த்தேன். அந்த நடுக்கத்துக்காகத்தான் சரி என்றேன். பிறகு கடை ஓடவில்லை. பிக்கப் ஆகும் மச்சான், தீபாவளிக்குள்ள பிக்கப் ஆயிரும் என்பான். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, எதிரில் பெரிய கடை ஒன்று கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தது. விமானம் ஏறினான். போய் ஆறு மாசத்தில் இந்தி பேசினான், அடுத்த வருஷம் மலையாளம், அப்புறம் சண்டைக்கு வேண்டிய அளவு அரபி. எப்படிடா என்றால், காதுல விழறத பிக்கப் பண்ணிக்கிறதுதான் மச்சான், இலக்கணம் எவன் பாக்குறான் என்பான். எங்கே போனாலும் எதையாவது பொறுக்கிக்கொண்டு வருகிறவன். வாய் ஓயாது. காரில் ஏறினால் முன்சீட்டில் உட்கார்ந்து கீரனூர் வரைக்கும் பேச்சு. இன்றைக்கு கீரனூர் வரைக்கும் எப்படிப் போவது. காஜா பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். பின்னால்.

பின்னால் என்பதற்கு மேல் யோசனை போகவில்லை. போனால் பெட்டிக்குள் போய்விடும். பனிக்கட்டி வைத்திருப்பார்களா, முகம் பார்க்கிற மாதிரி இருக்குமா, திறக்கலாமா. யோசனையைத் திருப்பு. ஃபோன் துடிக்கிறது. திருப்பு. அன்றைக்கு ஃபோன் வந்ததும் இப்படித்தான், காலையில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன், கை ஈரம். அருளப்பனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ராமநாதபுரத்துக்காரர். அண்ணே, அருளு விஷயமா என்று இழுத்தார். எனக்கு உடனே போலீஸ்தான் மனசில் வந்தது, ஏனென்றால் போன மாசம்தான் அருளப்பன் சொல்லியிருந்தான், விசா அட்டை தேதி முடிஞ்சவங்களையெல்லாம் ரோட்டுலயே வச்சு பிக்கப் பண்றாங்க மச்சான் என்று. என்ன, பிக்கப் பண்ணிட்டாங்களா என்று நானே கேட்டேன். இல்லண்ணே என்றார். அப்பாடா என்று இருந்தது. சத்தியமாக, அந்த ஒரு நொடி அப்பாடா என்றுதான் இருந்தது. அப்புறம் அவர் சொன்னார். காலைல கம்பெனி பிக்கப் வந்துச்சுண்ணே, எல்லாரையும் ஏத்திட்டுப் போற சின்ன வண்டி, கீழ நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான், இவன் எந்திரிக்கல, நான்தான் போர்வைய இழுத்தேன். மேலே சொல்ல முடியாமல் அவர் அழுதார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தவில்லை. போலீஸ் பிடித்திருக்கக் கூடாதா. ஜெயிலில் இருந்திருக்கலாம், அடித்திருந்தாலும் பரவாயில்லை, மொட்டையடித்து ஒரு பை கூட இல்லாமல் அந்த வாசல் வழியாக வந்திருக்கலாம், கையைத் தூக்கியிருப்பேன். அந்த ஹாரன் என் காதில் இன்னும் அடிக்கிறது. நான் கேட்காத ஹாரன். மாடிப்படியில் எல்லோரும் இறங்குகிறார்கள், டிஃபன் பாக்ஸ் சத்தம், ஒருவன் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

பெரியப்பாதான் சொன்னார். பெட்டி வர எத்தனை நாளாகும்னு யாருக்குத் தெரியும், அதுவரைக்கும் அந்தப் புள்ள முகம் பாக்காம, எடுத்து அடக்கம் பண்ணாம எப்படிக் கெடந்து தாங்கும், வந்து சேரட்டும், ஒரே அழுகையா அழுதுட்டுப் போகட்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. காய்ச்சல், ஆஸ்பத்திரியில சேத்துருக்கு என்று முதல் பொய்யை அவரே சொன்னார். பிறகு எல்லாம் என் தலையில். இப்போது தெருவில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பங்குச் சாமியாருக்குத் தெரியும். சாமியானா பந்தல்காரர் கம்பிகளைக் கோயிலுக்குப் பின்னால் இறக்கி வைத்திருக்கிறார், வேன் வந்ததும் நடுவதற்கு. பால்காரன் அவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு ஊற்றுகிறான். குழி வெட்டுகிறவர்கள் காலையிலேயே போய்விட்டார்கள், கல்லறைத் தோட்டம் ஊருக்கு அந்தப் பக்கம் என்பதால் சத்தம் கேட்காது. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறோம். ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் அவள் புருஷனுக்குக் குழி வெட்டுவதை ஊரே சேர்ந்து எவ்வளவு பக்குவமாகச் செய்கிறோம். வேன் தெருவுக்குள் திரும்பும்போது அவள் எங்கே நிற்பாள். வாசலிலா, உள்ளேயா. நான் முதலில் இறங்குவதா, காஜா ஹாரன் அடிப்பாரா. ஹாரன் வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

"எடுத்துப் பேசிருங்க ஆரோக்கியம்," என்கிறார் காஜா. துணியைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல். "அடிச்சுக்கிட்டே இருக்கு பாருங்க."

"என்னத்தப் பேசுறது?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா இவ்வளவு தடவ கூப்புடுறவங்கள விடக் கூடாது."

எடுக்கிறேன். பின்னால் இரைச்சல், தள்ளுவண்டிச் சக்கரங்கள், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். டிவி ஓடுகிறது போல என்று நினைத்துக்கொள்கிறேன்.

"அண்ணே, எங்க நிக்கிற? எவ்வளவு நேரமா அடிக்கிறேன், பிக்கப் பண்ணவே மாட்டேங்குற."

"வண்டிகிட்ட நிக்கிறேம்மா. இங்க சிக்னல் இல்ல."

"சார்ஜா பிளைட்ல வந்தவங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்கண்ணே. இவரத்தான் காணோம்."

"எங்க வெளிய வந்துட்டாங்க?"

"இங்கதான், ஏர்போர்ட்ல. அத்தைகிட்ட கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீதான வந்து கூட்டிட்டு வர்ற. முடியாம வர்றாரே, வெளிய வந்ததும் நான் நின்னா ஒரு தெம்பா இருக்கும்ல. வீல்சேர்ல வச்சுக் கூட்டிட்டு வர்றாங்களா? அதான் லேட்டா?"

பந்தல்காரர், பால்காரன், சாமியார், பெரியப்பா, எல்லோரும் காவல் நின்ற ஊரிலிருந்து ஒரு பஸ் பிடித்து வந்துவிட்டாள். பேசு. ஏதாவது பேசு.

"அங்கயே நில்லு. வர்றேன்."

நடக்கிறேன். ஓட வேண்டும் போல இருக்கிறது, ஓடினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்பதால் நடக்கிறேன். வேலி ஓரமாகப் புல் காய்ந்து கிடக்கிறது. என்ன சொல்வது. விண்ணரசி, மனசத் தெடப்படுத்திக்க. இல்லை, அது சினிமாவில் சொல்வது. அம்மா விண்ணு, ஒரு விஷயம். ஒரு விஷயமா இது. மாப்ள தவறிட்டான். தவறுவதற்கு அவன் என்ன படியிலா நின்றான். செத்துட்டான். அவ்வளவுதான் வார்த்தை, நேரான வார்த்தை, அதை நான் யாரைப் பற்றியும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. உடம்பு பிக்கப் ஆகலம்மா. சீ. அந்த வார்த்தையை இனிமேல் என் வாயால் சொல்லக் கூடாது, எப்படிச் சொல்லாமல் இருப்பது, நாளைக்கு மறுபடி வண்டி எடுக்கத்தானே வேண்டும், பிக்கப் எங்க சார். ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்குகிறது. அதன் நிழல் வேலியைத் தாண்டி என் மேல் விழுந்து போகிறது. வெயிலில் அந்த ஒரு கணம் குளிர்ச்சியாக இருக்கிறது, அதற்காக வெட்கமாக இருக்கிறது. வளைவு திரும்பினால் வாசல். கூட்டம் குறைந்துவிட்டது. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு, மாம்பழக் கலர் சேலையில் என் தங்கச்சி. தலையில் கனகாம்பரம். கையில் கூடை, கூடையில் ஃபிளாஸ்க் தலை தெரிகிறது, கஞ்சி கொண்டுவந்திருக்கிறாள். கதவு தானாகத் திறக்கிறது, ஒரு துப்புரவுப் பெண் வாளியோடு வருகிறாள், மூடிக்கொள்கிறது. விண்ணரசி எட்டிப் பார்க்கிறாள், குதிகாலை ஊன்றுகிறாள், மறுபடி திறக்கிறது, மறுபடி எட்டுகிறாள். கூப்பிட்டால் திரும்பிவிடுவாள். கூப்பிடாமல் நிற்கிறேன். இன்னும் கொஞ்சம் அப்படியே நிற்கட்டும் என்று இருக்கிறது.

அவளே திரும்பிவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"எங்கண்ணே அவரு? நீ எந்தப் பக்கமிருந்து வர்ற?"

"கார்கோ பக்கமிருந்து."

"கார்கோவா? அது சாமான் வர்ற எடம்ல. அங்க இவரு எதுக்கு."

கேள்வியை முடிக்கவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. நான் ஒன்றுமே சொல்லவில்லை, இவ்வளவு தூரம் நடந்து வந்து எடுத்து வைத்த ஒரு வார்த்தையையும் சொல்லவில்லை, அவளே என் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். கம்பியைப் பிடித்த கை வழுக்கி, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். யாருக்கோ காத்திருந்த ஒரு அம்மா ஓடிவந்து தோளைப் பிடித்தார்கள், தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். விண்ணரசி வேண்டாம் என்று கையால் தள்ளினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பக்கத்தில் குந்தினேன். அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும், மரத்தை அறுக்கிற மாதிரி.

"எப்ப?" என்றாள்.

"போன செவ்வாக்கிழம. தூக்கத்துலயே. வலி இருந்திருக்காதுன்னு சொல்றாங்க."

"செவ்வாக்கிழமையா." தரையைப் பார்த்து யோசித்தாள். "வெள்ளிக்கிழம அவருக்கு வேண்டிக்கிட்டு உபவாசம் இருந்தேன். நீதான் வந்து சாப்புடு சாப்புடுன்னு சொல்லிட்டுப் போன."

"பெரியப்பாதான், உன்னால தாங்க முடியாதுன்னு."

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெருவுல?"

அவள் தலையிலிருந்த பூவை இழுத்தாள், முடியோடு சேர்ந்து வந்தது, கூடைக்குள் போட்டாள். "எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்று, என்னிடம் இல்லாமல், ஏதோ கணக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி சொன்னாள். எழுந்தாள். தூக்கிவிடப் போன என் கையைத் தொடவில்லை, கம்பியைப் பிடித்து எழுந்தாள். வேலி ஓரமாக அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். வழி தெரியாதவள் என்னைவிட வேகமாகப் போனாள். அவளுடைய செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது, இழுத்து இழுத்து நடந்தாள். நான் செய்தது பாவமா, நல்லெண்ணமா, இரண்டும் ஒன்றுதானா. அவள் அழுதிருக்க வேண்டிய நாட்களை எடுத்துக்கொண்டுவிட்டோம். அந்த நாட்களில் அவள் சிரித்துக்கொண்டு கோலம் போட்டாள், பிள்ளைக்கு அப்பா வர்றாரு என்று சொல்லிக்கொடுத்தாள். அதையெல்லாம் இனி நினைத்து நினைத்து அவள் என்ன ஆவாள். என்னை மன்னிக்க மாட்டாள். மன்னிக்க வேண்டாம். கத்தினால் போதும், என்னை அடித்தால்கூடப் போதும்.

கொட்டகை வாசலில் பெட்டி வந்திருந்தது. நாலு சக்கர வண்டியில், சாக்குத் துணி சுற்றி, மேலே ஒட்டிய தாளில் இங்கிலீஷில் பேர். நான் பார்த்தேன், மிஸ்டர் இல்லை. சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர், காஜா, நான். ஆளுக்கொரு மூலை என்று நின்றோம். தூக்கும்போது காஜாவின் பக்கம் தாழ்ந்தது, அவருக்கு முதுகு சரியில்லை, பாதியில் திரும்ப வைத்தோம். ஒரு ஆள் வேணும்ணே, வேன் ஒயரமா இருக்குல்ல, என்றான் சுமை தூக்குகிறவன். சுற்றிலும் பார்த்தோம். யாரும் இல்லை. விண்ணரசி கூடையைக் கீழே வைத்தாள். சேலை முந்தியை இழுத்து இடுப்பில் சொருகினாள்.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"அம்மா, நீங்க விடுங்கம்மா, பொம்பளைங்க," என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினான். அவள் அந்தப் பக்கம் போனாள். குனிந்து, பெட்டிக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். காஜா ஒண்ணு, ரெண்டு என்று சொன்னார். தூக்கினோம். அவள் கழுத்து நரம்பு புடைத்தது, உதட்டைக் கடித்திருந்தாள், ஆனால் அவள் பக்கம் தாழவில்லை. வேன் தரையில் பெட்டி ஏறி உள்ளே நழுவியது. கையை எடுக்காமல் அதோடு சேர்ந்து அவளும் உள்ளே ஏறினாள். பக்கவாட்டுப் பலகையில் உட்கார்ந்தாள். கூடையை எடுத்து உள்ளே கொடுத்தேன், வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்று ஒரு காலைத் தூக்கி வைத்தேன்.

"நீ முன்னாடி போய் உக்காருண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் இடம் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். காலை இறக்கினேன். காஜா பின்கதவைச் சாத்தினார். முன்னால் ஏறி உட்கார்ந்தேன், முட்டியில் கையை வைத்துக்கொண்டேன், கை எதற்கு இருக்கிறது என்று தெரியவில்லை. புதுக்கோட்டை ரோட்டில் வண்டி திரும்பியது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. எதிரே பஸ், மாட்டு வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், இரண்டு பக்கமும் பொட்டல். காஜா ரேடியோவைத் தொடவில்லை. மாத்தூர் தாண்டியதும்தான் பின்னாலிருந்து குரல் கேட்டது. தணிந்த குரல், ஒரே சீராக, பிள்ளைக்குப் பல் முளைத்ததையோ, கிணற்று மோட்டார் கெட்டுப்போனதையோ, எதையோ வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தது, நடுவில் நடுவில் நிறுத்தி, பதிலுக்கு இடம் விட்டு, மறுபடி ஆரம்பித்தது. காஜா என்னைத் திரும்பிப் பார்த்தார், உங்களைத்தான் கூப்பிடுகிறார்களோ என்கிற மாதிரி. இல்லை என்று தலையை ஆட்டினேன். என்னிடம் இல்லை.